நாற்பத்தொரு அடி எட்டு அங்குலம்

அலுவலகத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. சிசிடிவி. என் காதுபட யாரும் சொல்வதில்லை. ஆனால் நான் படியிறங்கும்போது பேச்சு சட்டென்று நின்று, யாரோ ஒருவர் மழை வருமா வராதா என்று ஆரம்பித்தால் எனக்குப் புரியாதா என்ன?

நகரமைப்பு அலுவலகத்தின் வரைபட அறைக்கு முப்பத்தோரு வருடமாக நான்தான் காப்பாளர். நானூற்றுப் பன்னிரண்டு தாள்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. நகரத்தைத் துண்டு துண்டாக்கி, ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கி, மையால் வரைந்த தாள்கள். சீட்டு இல்லாமல் அவற்றில் ஒன்றுகூட என் வாசலைத் தாண்டாது. சீட்டில் ஏழு கட்டங்கள்: தாள் எண், வாங்குபவர், தேதி, காரணம், திருப்பித் தரும் தேதி, கொடுக்கும்போது தாளின் நிலை, கையெழுத்து. நடுவில் கிழித்தால் ஒரு பாதி எனக்கு, ஒரு பாதி வாங்குபவருக்கு. காரணம் என்ற இடத்தில் 'அலுவலகப் பணி' என்று மொட்டையாக எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவேன். திருப்பித் தரும் தேதி விட்டுப்போனாலும் அதே கதிதான். ஒருமுறை மேலதிகாரியின் சீட்டையே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர் ஒரு வாரம் என் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் வைக்கவில்லை.

எனக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெள்ளிக்கிழமை பூங்காவாக இருந்த இடம் திங்கட்கிழமை கடைவரிசை ஆனதை என் கண்ணால் பார்த்தேன். வெட்டவும் இல்லை, இடிக்கவும் இல்லை. ஒரு ரப்பரும் ஒரு பேனாவும் போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து அழிக்கத் தெரிந்தவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

எங்கள் வரைவாளர் அழிப்பதில் மன்னன். தாளில் அவர் ஒரு கோட்டை எடுத்தால், அங்கே கோடு இருந்ததா என்று பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். அவருக்கு 'ரப்பர்' என்று பெயர் வைத்தது நான்தான். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஒரு காலத்தில் என்னை அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டவர். ஆறு வருடத்துக்கு முன் அவருடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஒரு தாளை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து வேலையை முடிக்கிறேன் என்று கேட்டார். வெளியே கொடுக்க விதி இல்லை என்றேன்.

"ஒரே ஒரு நாள்தான் அக்கா. உங்களுக்கு மனுஷங்க மேல நம்பிக்கையே கிடையாதா?"

"தாள் மேல உண்டு."

அன்றோடு எங்களுக்குள் பேச்சு முறிந்தது. அதற்கப்புறம் எல்லாம் சீட்டில்தான். அவர் எழுதி அனுப்புவார், நான் எழுதிக் கொடுப்பேன். எதிரெதிரே வந்தால் அவர் சுவரைப் பார்ப்பார், நான் தரையைப் பார்ப்பேன்.

மூன்று வருடத்துக்கு முன் எல்லாம் மாறத் தொடங்கியது. நாலு நகராட்சிகளையும் இருபத்திரண்டு ஊர்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே ஆணையம் ஆக்கினார்கள். அதுவரை சாலை ஓர் அலுவலகம், சாக்கடை வேறோர் அலுவலகம், கட்டட அனுமதி மூன்றாவது அலுவலகம். ஒருவர் போட்ட சாலையை இன்னொருவர் தோண்டுவார். புதிதாக வந்த திட்ட அலுவலர் ஒரு பெண். நாற்பது வயதுகூட இருக்காது. பேச்சில் வளவளப்பு கிடையாது. முதல் கூட்டத்திலேயே சொன்னார்.

"எல்லாத் தாளையும் ஸ்கேன் பண்ணிக் கம்ப்யூட்டர்ல ஏத்தப் போறோம். வரைவு மாஸ்டர் பிளான் வெளியிட்டதும் பூட்டிடுவோம். அதுக்கப்புறம் நானே நினைச்சாலும் ஒரு கோட்டை நகர்த்த முடியாது. யாருக்காவது ஆட்சேபம்னா அறுபது நாள். மூலத்தாளும், அதுக்கு ஒத்துப்போற தேதி போட்ட பழைய ஆவணமும் வேணும். ரெண்டும் இருந்தா விசாரணை, இல்லன்னா கோடு கோடுதான்."

அந்தக் கூட்டத்தில் கை தட்டிய ஒரே ஆள் நான். சத்தமாகத் தட்டினேன். ரப்பர் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்துத் தட்டினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வரைவு வெளியான ஆறாம் நாள் காலை என் தங்கையிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, நம்ம வீட்டுச் செவத்துல யாரோ சிவப்பு பெயிண்ட்ல அம்புக்குறி போட்டுட்டுப் போயிருக்காங்க. பக்கத்து வீட்டுலயும் இருக்கு. என்னன்னு கேட்டா, மேப்ல பாருங்கன்னு சொல்றாங்க."

தங்கையும் அவள் வீட்டுக்காரரும் அந்த வீட்டைப் பன்னிரண்டு வருடமாகக் கட்டினார்கள். முதலில் ஓர் அறை, பிறகு சமையலறை, மூன்று வருடம் கழித்துக் குளியலறைக்குக் கதவு. அதுவரை அங்கே ஒரு திரைதான் தொங்கிக்கொண்டிருந்தது. அனுமதி வாங்காமல் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. நான் விட்டிருந்தால்தானே.

போய்ப் பார்த்தேன். சமையலறைச் சுவரில் அடுப்புக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே வெளிப்பக்கம் அம்பு போட்டிருந்தார்கள். தங்கை வீட்டுக்காரர் பஸ் டிரைவர். வேலைக்குப் போகாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணி, அடுப்பு ரோட்டுல, சிங்க் நடைபாதையில. நான் வேணா பஸ்ஸை நேரா சமையலறைக்குள்ள விட்டுட்டு ஒரு டீ குடிச்சிட்டுப் போறேன்."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

அலுவலகத்துக்கு வந்து கணினியில் பார்த்தேன். நாற்பத்தேழாம் தாள். 'உத்தேச சாலை' என்று இரண்டு கோடுகள் தாளின் குறுக்கே, அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் போயின. இருபத்தாறு வீடுகள் அதற்குள் அகப்பட்டிருந்தன. ஒரு பக்கம் பள்ளிக்கூட மதில் சுவரில் தொடங்கியது. மறுபக்கம் ஏரிக்கரையில் முடிந்தது. மதில் சுவருக்கும் ஏரிக்கும் நடுவே சாலை எதற்கு? யார் எங்கே போக? அகலத்தைப் பார்த்தேன். நாற்பத்தொரு அடி எட்டு அங்குலம்.

சாலை என்றால் இருபது அடி, முப்பது அடி, நாற்பது அடி, அறுபது அடி. நாற்பத்தொரு அடி எட்டு அங்குலத்தில் சாலை போட்ட நாடு எங்காவது உண்டா? இதில் ஏதோ உள்கை இருக்கிறது என்று எனக்குப் பட்டது. அந்த ஒன்றரை அடி சொச்சம் யாருக்கோ தேவைப்பட்டிருக்கிறது. யாருடைய வீட்டையோ உள்ளே இழுக்கவோ, யாருடைய கடையையோ வெளியே தள்ளவோ.

நான் ஆராய ஆரம்பித்தேன். ஏரிக்கரையில் எட்டு ஏக்கரை ஒரு பல் டாக்டர் போன வருடம் வாங்கியிருந்தார். சரி, சாலை ஏரியில் முடியவில்லை, டாக்டரிடம் முடிகிறது. அடுத்தது, சாலைக்கு வடக்கே அறுபதடி தள்ளி, முனை மனையில் ஒரு மாடி வீடு. சாலை வந்தால் அதன் விலை எங்கேயோ போய்விடும். அது யார் வீடு? ரப்பர் வீடு.

என்னிடம் இருந்த சீட்டுப் பாதிகளை எடுத்து எண்ணினேன். கடைசி ஐந்து வருடத்தில் நாற்பத்தேழாம் தாளை வாங்கியவர்களில் அவர் பெயர் பதினோரு முறை வந்தது. வேறு யாரும் மூன்று முறைக்கு மேல் வாங்கவில்லை. அது அவர் பகுதித் தாள், அவருக்கு ஒதுக்கிய வேலை, அதனால்தான் வாங்கினார் என்ற நினைப்பு எனக்கு வந்தது. வந்த வேகத்தில் அதைத் துரத்திவிட்டேன்.

மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதினேன். சீட்டுகளை இணைத்தேன். டாக்டரின் எட்டு ஏக்கர், முனை மனை, பதினோரு முறை, ரப்பரின் கைத்திறமை எல்லாம் வரிசையாக இருந்தன. அதைப் படித்தால் எனக்கே அவரைக் கைது செய்ய வேண்டும்போல் இருந்தது.

திட்ட அலுவலர் படித்துவிட்டு, "உங்களுக்கு இது உறுதியாத் தெரியுமா?" என்றார்.

"முப்பத்தோரு வருஷமா இந்த ஆளுங்களை நான் பார்த்துட்டு இருக்கேன் மேடம்."

"நான் கேட்டது அது இல்ல."

"உறுதிதான்."

அன்று மாலையே வரைவாளரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். மேசையில் இருந்த அளவுகோல்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து, பெட்டிக்குள் வைத்து, பூட்டிவிட்டுப் போனார். போகும்போது என் அறை வாசலில் ஒரு நிமிடம் நின்றார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். என் அலமாரியை ஒருமுறை பார்த்துவிட்டு நகர்ந்தார். பார்வையைப் பார், திருட்டுப் பார்வை என்று நினைத்துக்கொண்டேன்.

விசாரணை என்று வைத்தால் எல்லாம் தானாக வெளியே வந்துவிடும் என்று நம்பியிருந்தேன். ஒன்றும் வரவில்லை. அவருடைய விசாரணை, வரைவு வெளியானதிலிருந்து எழுபதாம் நாளுக்குப் போடப்பட்டது. ஆட்சேபக் கெடு அறுபதாம் நாள். இருபத்தாறு வீட்டுக்காரர்களும் ஆட்சேபம் எழுதினார்கள். ஆவணம் இல்லை என்று இருபத்தாறும் திரும்பி வந்தன. அவற்றை வாங்கிப் பதிவேட்டில் ஏற்றியதும் நானே. தங்கையின் மனுவில் அவள் கையெழுத்து கோணலாக இருந்தது. எப்போதும் அவள் கையெழுத்து அச்சுப்போல இருக்கும்.

தெருவில் பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது. அலுவலகத்தில் அக்கா இருந்தும் வீடு போகிறதென்றால் அக்காவுக்கு எவ்வளவு கொடுத்திருப்பார்கள் என்று ஒருத்தி தண்ணீர் லாரிப் பக்கம் நின்று கேட்டிருக்கிறாள். தங்கை என்னிடம் அதைச் சொல்லிவிட்டு, "நீ மனசுல வச்சுக்காதக்கா" என்றாள். மனதில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது?

ஐம்பத்தேழாம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு, ஒரு பழைய தாளின் ஓரம் பிரிந்திருந்ததை ஒட்ட உட்கார்ந்தேன். டேப் சுருளின் நுனி அகப்படவில்லை. நகத்தால் சுரண்டிச் சுரண்டி, சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்வளையத்தில் அச்சிட்டிருந்தது: அரை அங்குலம்.

அதை எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். அன்றைக்குத்தான் படித்தேன்.

ஆயிரத்தில் ஒரு பங்கு. தாளில் அரை அங்குலம் என்றால் தரையில் ஐந்நூறு அங்குலம். ஐந்நூறைப் பன்னிரண்டால் வகுத்தேன். மனதுக்குள் போட்ட கணக்கு பிடிக்காமல் காகிதத்தில் போட்டேன். நாற்பத்தொன்று, மீதி எட்டு.

நாற்பத்தேழாம் தாளை எடுத்து விரித்தேன். குறுக்கே நடு மடிப்பில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, என் டேப். பள்ளிக்கூட மதில் சுவரில் தொடங்கி ஏரியில் முடிகிறது. தாளே அங்கேதான் தொடங்குகிறது, அங்கேதான் முடிகிறது.

இதை நான் முதன்முதலில் ஒட்டியது பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால். டேப் பழசாகப் பழசாக இரண்டு விளிம்பிலும் அழுக்கு ஏறிக் கறுத்துவிடும். ஸ்கேன் எடுத்த இயந்திரத்துக்கு அது இரண்டு கறுப்புக் கோடு. அந்த இரண்டு கோட்டையும் கணினியில் ஏற்றியவர்கள் இந்த ஊரையே பார்க்காதவர்கள். இரண்டு இணைகோடு என்றால் சாலை என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஏற்றினார்கள், நாங்கள் பூட்டினோம். பூட்டப் போகிறோம் என்றபோது நான் கை தட்டினேன்.

டேப்பைப் பிய்த்து எறிந்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு வந்தது. பொய் சொல்ல மாட்டேன், வந்தது. நினைத்துப் பார்த்தபோது தங்கையின் கோணல் கையெழுத்துத்தான் முன்னால் நின்றது. ரப்பரின் முகம் இரண்டாவதாகத்தான் வந்தது.

தாளோடு திட்ட அலுவலரிடம் போனேன். சொன்னேன். அவர் எழுந்து, குனிந்து, டேப்பை விரலால் தடவினார்.

"இது புது டேப் மாதிரி இருக்கே."

ஆமாம். புதுசுதான். ஸ்கேனுக்குப் போய்த் திரும்பி வந்தபோது பழைய டேப் சருகாகி உதிர்ந்துகொண்டிருந்தது. சுரண்டி எடுத்து, கறையைத் தின்னர் வைத்துத் துடைத்து, அதே இடத்தில் புது டேப் ஒட்டினேன். ஒரு பொட்டுக் கறைகூட விடவில்லை. என் சுத்தம் எனக்கே வினையாகிவிட்டது.

"பழைய டேப் இருந்ததுக்கு ஏதாவது ஆவணம்?"

"சீட்டுல தாளோட நிலைன்னு எழுதியிருப்பேன் மேடம். ஆனா பத்து வருஷம் தாண்டின சீட்டை அழிச்சிடணும்னு விதி. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் 'முன்போல'ன்னுதான் எழுதியிருக்கேன். முதல் சீட்டை அழிச்சிட்டேன்."

"விதிப்படி."

"விதிப்படி."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கோட்டுல உங்க தங்கச்சி வீடு இருக்கு. கெடு முடிய மூணு நாள். இப்ப நீங்க, தாள் வச்சிருக்கிற அறைக்குள்ளேருந்து, புது டேப் ஒட்டின தாளோட வந்து நிக்கறீங்க. என் இடத்துல நீங்க இருந்தா என்ன நினைப்பீங்க?"

நான் என்ன நினைத்திருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதியிருப்பேன்.

மறுநாள் மாலை தங்கை வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவள் சட்டி பானைகளையெல்லாம் சமையலறையிலிருந்து எடுத்து உள்ளறையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் முடிக்கும்வரை கேட்டுவிட்டு, எழுந்து வந்து கதவைச் சாத்தினாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்களுக்காக நீ இவ்வளவு பண்ணியிருக்கியே. செத்தாலும் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்க்கா."

"என்னத்தடி சொல்ல மாட்ட?"

"அதான், டேப்பை இப்ப ஒட்டினதை."

என் கூடப் பிறந்தவள். நான் ஒரு குண்டூசியைக்கூட அலுவலகத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவராதவள் என்று ஊரெல்லாம் பெருமை பேசுபவள். அவளே நம்பவில்லை. நம்பாததோடு நன்றி வேறு சொல்கிறாள். கையை உதறிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். வழியில் பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தன் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

டேப் பழசு என்று தெரிந்த ஒரே ஆள் மிச்சம் இருந்தார். தாள் கிழிகிறது என்று அப்போது என்னிடம் சொன்னவரே அவர்தான். பேச்சு இருந்த காலம் அது.

ஐம்பத்தொன்பதாம் நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வரைவாளர் வீட்டுக்குப் போனேன். முனை மனை, மாடி வீடு என்று புகாரில் எழுதியிருந்தேனே, அந்த மாடியை அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தேன். நாலு தூணும் மேலே தகரமும்தான் இருந்தன. துணி காயப்போடும் இடம்.

அவரே கதவைத் திறந்தார். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நகர்ந்து வழி விட்டார். மேசை மேல் பிள்ளைகள் கணக்கு நோட்டுக்குக் கட்டம் போடுவதுபோல் ஒரு காகிதம் முழுக்கக் கோடு இழுத்து வைத்திருந்தார். கை சும்மா இருக்க மாட்டாமல் போட்டது என்று தெரிந்தது.

ஆறு வருடம் பேசாத ஆளிடம் எப்படி ஆரம்பிப்பது? நேராகச் சொன்னேன்.

"அது சாலை இல்ல. என் டேப்."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"வரைவு வந்த அன்னிக்கே. அகலத்தைப் பார்த்ததும் தெரிஞ்சிடுச்சு. உங்க டேப் என்ன அகலம்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் உங்க அறைப் பக்கம் வரப் பார்த்தேன். அதுக்குள்ள உங்க புகார் போயிடுச்சு." எழுந்து உள்ளே போனார். ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தார். டப்பா முழுக்க சீட்டுகள், வருட வாரியாக ரப்பர் வளையம் போட்டு. அவருடைய பாதிகள். அடியிலிருந்து ஒன்றை உருவி மேசையில் வைத்தார். என் கையெழுத்து. தாள் நாற்பத்தேழு. தாளின் நிலை: நடு மடிப்பில் கிழிசல், அரை அங்குல டேப் ஒட்டித் தரப்பட்டது. தேதி பதின்மூன்று வருடத்துக்கு முந்தையது. எனக்குப் பத்துப் பன்னிரண்டு என்று ஞாபகம். கீழே என் ஒப்பம், அவர் ஒப்பம்.

"இதையெல்லாம் எதுக்கு வச்சிருக்கீங்க?"

"உங்களுக்குப் பயந்துதான். என்னிக்காவது ஒரு நாள் என் மேல ஏதாவது எழுதுவீங்கன்னு தெரியும். அன்னிக்குக் காட்டணுமே."

"அப்ப இதை மேடம்கிட்ட கொடுத்திருக்கலாம்ல. இருபத்தாறு வீடு."

"கொடுத்தா அது எங்க வரும்? ஆவணம்னு முத்திரை குத்தி உங்க அறைக்குத்தான் வரும். மாட்டிக்கறது நீங்க. தாள் உங்ககிட்ட. நீங்க இதை அழிச்சிட மாட்டீங்கன்னு நான் எப்படி நம்பறது? என் விசாரணை அன்னிக்கு எல்லார் முன்னாடியும் கையில வச்சுக் காட்டலாம்னு இருந்தேன்."

"எழுபதாம் நாள் காட்டினா உங்களுக்கு வேலை திரும்பக் கிடைச்சிடும். வீடெல்லாம் போயிடும்."

அதை அவர் யோசிக்காமல் இருந்திருக்க மாட்டார். யோசித்து, தூக்கம் கெட்டு, அப்படியும் டப்பாவை மூடியே வைத்திருந்திருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஒண்ணு கேக்கறேன்," என்றார். "உங்க தங்கச்சி வீடு அந்தக் கோட்டுல இல்லன்னா நீங்க இங்க வந்திருப்பீங்களா?"

வந்திருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்ல முடியவில்லை.

"வந்திருக்க மாட்டேன்."

தலையை ஆட்டினார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து என் முன்னால் தள்ளினார். எங்கள் அலுவலகச் சீட்டுத்தான், அவரிடம் மிச்சம் இருந்தது.

"எழுதிக் கொடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க."

தாள் எண் எழுதினேன். வாங்குபவர் இடத்தில் என் பெயர். தேதி. காரணம் என்ற கட்டத்துக்கு வந்து நின்றேன். முப்பத்தோரு வருடத்தில் எத்தனை பேருடைய காரணத்தைப் பிழை சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். 'அலுவலகப் பணி' என்று எழுதலாமா என்றுகூட நினைத்தேன். கடைசியில் எழுதினேன்: நான் ஒட்டிய டேப்பை இவர் போட்ட கோடு என்று புகார் எழுதினேன். அது தவறு. இவர் குற்றமற்றவர்.

அவர் வாங்கிப் படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சீட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"திருப்பித் தர்ற தேதி எழுதல."

எழுதினேன். நடுவில் கிழித்து, ஒரு பாதியை டப்பாவில் போட்டு மூடினார்.

அறுபதாம் நாள் காலை தாளையும் சீட்டையும் திட்ட அலுவலரிடம் காட்டினேன். அன்றே விசாரித்து, மதியம் கோட்டை எடுத்தார்கள். திட்ட அலுவலர் இரண்டு கையெழுத்து வாங்கி, பூட்டைத் திறந்து, எங்கள் கண்ணெதிரே அழித்தார். திரையில் சுவடே இல்லை. புகாரை எழுத்தில் திரும்பப் பெற்றேன். எனக்கு மெமோ வந்தது. ஓர் ஊதிய உயர்வு நிறுத்தம், வரைபட அறையிலிருந்து பதிவுத் தபால் பிரிவுக்கு மாற்றம். நானூற்றுப் பன்னிரண்டு தாளையும் எண்ணி ஒப்படைக்க இரண்டு நாள் ஆயிற்று. தங்கை சட்டி பானைகளைத் திரும்ப அடுக்கிவிட்டாள். வீட்டைக் காப்பாற்றத்தான் நான் டேப்பை ஒட்டினேன் என்று இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறாள். தெருவில் தண்ணீர் லாரிப் பக்கம் நின்று பேசியவளுக்கு, நான் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று சேதி.

வரைவாளர் வேலைக்குத் திரும்பிய அன்று, சீட்டில் போட்ட தேதிப்படி அவருடைய பழைய பாதிச் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எழுந்து வாங்கிக்கொண்டார். ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். எழுத்துகளின் மேல் விரலை வைத்து, ஏதாவது அழித்திருக்கிறதா என்று மெல்லத் தடவிப் பார்த்தார்.

நான் காத்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் பார்த்திருப்பேன்.

"சரியா இருக்குக்கா," என்றார்.